மறுத்த விருந்து: ஊனுண்ணா விருந்தினரும் விருந்தளிப்போர் மனமும்

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகப் பல. அவை ஏறத்தாழ அனைத்தும் விருந்தளிப்பவரை முன்னிலைப்படுத்தி அமைந்தவை. திருக்குறளின் 9ஆம் அதிகாரமாகிய விருந்தோம்பலில் உள்ள பத்துக் குறள்களும் இல்லறத்தானுக்கு உரைக்கப்பட்டவையே. விருந்தாக வந்தவன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதற்கு அங்கு ஒரு குறளும் இல்லை. விருந்தினரின் மனம் அனிச்ச மலரினும் மெல்லியது என்னும் கருத்து அவ்வதிகாரத்தின் இறுதியில் இடம்பெறுகிறது. விருந்தளிப்பவர் மனமும் வாடக்கூடியதே என்பதை அவ்வதிகாரம் எடுத்துக்கொள்ளவில்லை. இலையில் பரிமாறப்பட்டதை விருந்தினர் உண்ண மறுக்கும் வேளையில் வாடுவது விருந்தளித்தவரின் முகமே.

இம்மறுப்பு சுவை பற்றியதாகவோ நோய் பற்றியதாகவோ இருப்பின் எளிதில் கடந்துவிடலாம். கொள்கை பற்றியதாக இருக்குமாயின் அது விருந்தளித்தவரின் உணவையும், அவ்வழியே அவர் வாழ்க்கையையும் குறை கூறுவதாக அமைந்துவிடும் அச்சம் உண்டு. ஊனுண்ணாமையை நோன்பாகக் கொண்டவர் ஊனுண்பவர் வீட்டில் விருந்தினராக அமரும்போது அறங்கள் இரண்டு எதிரெதிர் நிற்கின்றன. இச்சிக்கலைப் பழந்தமிழ் நூல்களும் பௌத்த, சமண மரபுகளும் பிற்கால வரலாற்று நிகழ்வுகளும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பாணரும் பொருநரும்

ஆற்றுப்படை நூல்களில் இச்சிக்கல் எழவே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் பாணன் செல்லும் வழியெங்கும் உணவு மாறிக்கொண்டே வருகிறது. எயினர் குடியில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல். இடையர் குடியில் பாலோடு கூடிய தினைச்சோறு. உழவர் குடியில் கோழியோடு வெண்சோறு. அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயும் மோரும் கறிவேப்பிலையும் சேர்ந்த ஊனில்லாத உணவு. இவற்றுள் எதையும் பாணன் மறுப்பதில்லை. அந்தந்த நிலத்தார் தாம் உண்பதையே அளிக்கின்றனர். வந்தவனும் அதையே உண்கிறான். அந்தணர் வீட்டில் ஊன் கிடைக்கவில்லையே என்ற குறையும் அவனுக்கு இல்லை.

அந்தணர் யாவரும் அக்காலத்தில் ஊனை விலக்கினர் என்று கொள்வதற்கும் இடமில்லை. தம்மை அந்தணன் என்று புறநானூற்றிலேயே கூறிக்கொள்ளும் கபிலர், புலவர்களின் கைகள் மென்மையாக இருப்பதற்கு ஊனும் சோறும் கறியும் உண்பதன்றி வேறு தொழில் அறியாமையே காரணம் எனச் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் கூறும் பாடல் (புறம். 14) யாவரும் அறிந்ததே. பாரியின் மனையில் ஆட்டுக் கிடாய்கள் வீழ்த்தப்பட்ட வளத்தை அவர் நினைந்து கலங்குவதும் (புறம். 113) உண்டவரின் நினைவாகவே ஒலிக்கிறது.

மறுப்பு என்று கூறத்தக்க ஒன்று பொருநராற்றுப்படையில் உண்டு. கரிகாலன் அளித்த செம்மறியின் தொடை இறைச்சியையும் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனையும் பொருநன் உண்கிறான். சூடு பொறாமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி வைத்து உண்கிறான். அவை தெவிட்டிப் போக, 'முனிகுவம்' என்கிறான். அரசன் சினக்கவில்லை; வேறு பல வடிவின் பண்ணியங்களைக் கொணரச் செய்து அவனை இருத்திக்கொள்கிறான். நாளும் ஊன் தின்று, கொல்லை நிலத்தை உழுத கொழுப்போல் பற்கள் மழுங்கின என்று பொருநன் பின்னர்க் கூறுவது நகைச்சுவை தோன்ற அமைந்துள்ளது. இது கொள்கை பற்றிய மறுப்பன்று, தெவிட்டல் மட்டுமே. ஆயினும் விருந்தினர் வேண்டாம் என்றதும் விருந்தளிப்பவர் வேறொன்றை முன்வைக்கும் நாகரிகம் அங்கே பதிவாகியுள்ளது.

ஊனை மறுக்கும் அறம் எவர்க்குரியதாக வகுக்கப்பட்டது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. திருக்குறளில் விருந்தோம்பல் இல்லறவியலில் நிற்கிறது, புலால் மறுத்தல் (அதி. 26) துறவறவியலில் நிற்கிறது. இந்த இயல் பகுப்பின்படி விருந்தளிப்பவன் இல்லறத்தான். ஊனை மறுப்பவன் துறவி. துறவிக்கும் இல்லறத்தானுக்கும் உணவால் வரும் உறவு ஐயம் ஏற்றலும் இடுதலும் ஆகும். அவ்வுறவில் எதைக் கொள்ளலாம், எதைக் கொள்ளலாகாது என்னும் விதிகள் இரு சாராரும் அறிந்தவை. மறுப்பு அங்கே அவமதிப்பாகாது. ஊனுண்ணாமை துறவியரிடமிருந்து இல்லறத்தாரிடம் பரவியபோதே அது விருந்துப் பந்தியின் சிக்கலாக மாறியது. அவ்வகையில் ஊனை மறுத்த இல்லறத்தான் ஒருவனின் கதையைத் தமிழில் விரிவாகக் கூறும் இடம் மணிமேகலையின் 16ஆம் காதையாகிய ஆதிரை பிச்சையிட்ட காதை எனலாம்.

சாதுவன் மறுத்தவை

1898இல் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த காலம்தொட்டு இக்காதை ஆதிரையின் கற்பு நோக்கிலேயே பெரிதும் பயிலப்பட்டு வந்துள்ளது. தீப்புகுந்தும் வேவாத ஆதிரையின் நிகழ்ச்சி அத்துணை வலிமையுடையது. அவள் கணவன் சாதுவன் நாகர் நாட்டில் பட்ட அனுபவம் அதனுள் அடங்கிய கிளைக்கதையாகவே கருதப்படுகிறது. எனினும் அக்கிளைக்கதை தன்னளவில் நின்று ஆராயத்தக்கது.

சாதுவன் புகார் நகரத்து வணிகன். கணிகையிடமும் சூதிலும் பொருளை இழந்தவன். பின்னர் வங்கம் செல்லும் வணிகரோடு புறப்பட்டுக் கலம் உடைந்து, ஒடிந்த மரத்துண்டைப் பற்றி நக்க சாரணராகிய நாகர் வாழும் மலைப்பக்கம் சேர்கிறான். களைத்து ஒரு மரநிழலில் உறங்குகிறான். அவனைக் கண்ட நாகர்க்கு முதலில் தோன்றும் எண்ணம், ஊனுடைய இவ்வுடம்பு நமக்கு உணவு என்பதே. உணவாகக் கருதப்பட்டவன் சிறிது நேரத்தில் விருந்தினனாக மாறுகிறான். அம்மாற்றத்திற்குக் காரணம் அவன் அவர்களுடைய மொழியை அறிந்திருந்தமை. அவர்கள் மொழியில் அவன் பேசத் தொடங்கியதும் கொல்ல வந்தவர்கள் விலகி நின்று, தம் தலைவனிடம் வருமாறு அழைக்கின்றனர்.

தலைவனின் இருக்கையைச் சாத்தனார் வெறுப்புத் தோன்றவே காட்டுகிறார். கள் காய்ச்சும் பானைகள், முடை நாற்றம், உலர்ந்த வெள்ளெலும்புகள். பெண்கரடியோடு இருக்கும் கரடி போலத் தன் துணையோடு அவன் இருந்தான் என்பது உவமை. இத்துணை இழிவாகக் காட்டப்பட்ட ஒருவனிடம் விருந்தோம்பும் பண்பு இருப்பதையும் அதே புலவர் மறைக்கவில்லை. சாதுவனின் கடல்துயரைக் கேட்டதும் தலைவன் இரங்குகிறான். பெருந்துயர் உற்றவன் இவன் எனக் கூறி, இளைய நங்கை ஒருத்தியையும் வெவ்விய கள்ளையும் ஊனையும் இவனுக்கு வேண்டுமளவு கொடுங்கள் என ஆணையிடுகிறான். தன்னிடம் உள்ளவற்றுள் சிறந்தவை என அவன் கருதியவை இம்மூன்றே. எயினரும் உழவரும் பாணனுக்குத் தாம் உண்பதை அளித்ததற்கும் நாகர் தலைவன் செயலுக்கும் விருந்து நோக்கில் வேறுபாடு இல்லை.

சாதுவன் மறுக்கிறான். கொடிய சொற்களைக் கேட்டேன் என்ற அளவில் மனம் கலங்கி, வேண்டேன் என்று மட்டும் கூறுகிறான். விளக்கம் இல்லை, நன்றி கூறுதலும் இல்லை. தலைவன் வெகுள்கிறான். பெண்டிரும் உணவும் இல்லையெனின் உலகில் மக்களுக்கு வேறு பயன் உண்டோ, இருப்பின் காட்டு என்பது அவன் கேட்கும் வினா. சினத்தில் பிறந்ததாயினும் அவ்வினா நேர்மையானது. தான் தந்த விருந்தை விலக்கும் ஒருவனிடம், அதனினும் சிறந்தது உன்னிடம் என்ன இருக்கிறது எனக் கேட்கும் உரிமை விருந்தளித்தவனுக்கு உண்டு என்பதைச் சாத்தனார் ஒப்புக்கொள்கிறார் என்றே கொள்ளவேண்டும். பின்வரும் நீண்ட உரையாடல் முழுவதும் அவ்வினாவுக்கு விடையாகவே அமைகிறது.

மயக்கும் கள்ளையும் உயிர்க்கொலையையும் அறிவுடையோர் விலக்கினர்; இறப்பும் பிறப்பும் உறங்குதலும் விழித்தலும் போல்வன; நல்லறம் செய்வோர் நல்லுலகும் அல்லோர் நரகும் அடைவர் என்று சாதுவன் கூறத் தலைவன் நகைக்கிறான்; உடலைவிட்டு நீங்கிய உயிர் வேறோர் உருக்கொண்டு ஓரிடம் புகும் என்றாயே, அது எவ்வாறு எனத் தடுத்துக் கேட்கிறான். சாதுவன் சினவாமல் விடை தருகிறான். விருந்தினன் மறுப்பு உரையாடலாக மாறும் இக்கட்டத்தில் தலைவன் வினாக்களும் சாதுவன் விடைகளும் ஏறத்தாழச் சமநிலையில் நிற்கின்றன. இறுதியில் தலைவன் அடிவீழ்ந்து, கள்ளையும் ஊனையும் கைவிட்டால் இவ்வுடம்பைப் பேணும் வழி என்ன, சாமளவும் எங்களால் இயலும் அறத்தைக் கூறு என வேண்டுகிறான்.

சாதுவன் தரும் விடை இக்கதையின் உயிர்நாடி எனலாம். தான் உண்ணாத ஊனை நீயும் உண்ணாதே என்று அவன் கூறவில்லை. உனக்கு ஒக்கும் அறம் உரைப்பேன் எனத் தொடங்கி இரண்டே கட்டளைகளைக் கூறுகிறான். கலம் உடைந்து இங்கு வருவோரைக் கொல்லாது காப்பாயாக. மூத்துத் தாமே இறக்கும் விலங்கையன்றி வேறு எவ்வுயிரையும் கொல்லாது ஒழிவாயாக. தனக்குக் கடுமையான நோன்பு. விருந்தளித்தவனுக்கு எளிய அறம். முதற்கட்டளை, ஒரு நாழிகைக்கு முன் தன்னையே உணவாகக் கருதியவர்களிடம் இனி வரும் அயலாருக்காக அவன் செய்துகொள்ளும் வேண்டுகோளும் ஆகும். தலைவன் அதை ஏற்று, முன்பு கலங்கவிழ்ந்தோரிடமிருந்து கொண்ட அகிலும் ஆடையும் பொன்னும் ஆகிய குவியலை அவனுக்கு அளிக்கிறான். முதலில் அளித்த மூன்றையும் மறுத்தவன் இப்பொருளை மறுக்கவில்லை. சந்திரதத்தன் என்னும் வணிகனின் வங்கத்தில் ஏறிப் புகார் மீள்கிறான். அக்குவியல் இறந்தோர் பொருள் என்பது சாதுவனை ஏன் உறுத்தவில்லை என்ற வினா படிப்போர்க்கு எழக்கூடும். காப்பியம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

படிப்படியான இவ்வகை அறவுரைக்கு வரலாற்றில் இணையுண்டு. அசோகரின் முதற் பாறைச் சாசனம், அரசரின் அடுக்களையில் முன்பு நாள்தோறும் நூறாயிரக்கணக்கான உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்டன என்றும், இப்போது இரண்டு மயிலும் ஒரு மானும் ஆக மூன்றே கொல்லப்படுகின்றன, மானும் நாள்தோறும் இல்லை என்றும், இனி அவையும் கொல்லப்படா என்றும் கூறுகிறது. தன் அடுக்களையில் இன்னும் மூன்று உயிர்கள் எஞ்சியுள்ளன என்று பேரரசர் ஒருவர் கல்லில் வெட்டி அறிவிக்கும் நேர்மை வியப்புக்குரியது.

கேட்டு உண்ணல்

மூத்து இறந்த விலங்கின் ஊனை உண்ணலாம் என்னும் சாதுவன் கூற்று, பௌத்தம் ஊனைவிடக் கொலையையே முதன்மையாக விலக்கியது என்பதைக் காட்டுகிறது. பிக்கு ஐயம் ஏற்று உண்பவன். இட்டதை மறுத்தலாகாது என்பதும் கொலைக்குத் துணைபோதலாகாது என்பதும் அவனுக்கு ஒருங்கே பொருந்தும் அறங்கள். விநய பிடகத்தின் மகாவக்கம் இவற்றை இணைக்க ஒரு விதியைக் கூறுகிறது. தனக்கெனவே கொல்லப்பட்டதாகக் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஆகிய ஊனைப் பிக்கு உண்ணலாகாது. இம்மூன்றும் இல்லாத ஊனை ஏற்கலாம்.

இவ்விதி பிறந்த சூழலாக அந்நூல் கூறும் நிகழ்ச்சி ஒரு விருந்தைப் பற்றியதே. வைசாலியில் நிகண்டரின் அடியவராக இருந்த சீகன் என்னும் படைத்தலைவர் புத்தரின் அடியவராகி, அவரையும் சங்கத்தையும் உணவுக்கு அழைக்கிறார். கடைத்தெருவில் கிடைக்கும் ஊனை வாங்கிவரச் செய்கிறார். நிகண்டர்கள் வைசாலியின் தெருக்களிலும் சந்திகளிலும் கைகளை உயர்த்தி, சீகன் கௌதமருக்காகப் பெரிய விலங்கைக் கொன்றான், கௌதமரும் அறிந்தே உண்கிறார் என்று புலம்புகின்றனர். உயிரே போவதாயினும் அறிந்து ஓருயிரையும் கொல்லோம் எனச் சீகன் மறுக்கிறார். இவ்விருந்திற்குப் பின்னரே விதி வகுக்கப்பட்டதாக அந்நூல் கூறும்.

இதனினும் கூர்மையானது சுப்பியை கதை. காசியில் நோயுற்ற பிக்கு ஒருவர்க்கு ஊன்சாறு தருவதாக வாக்களித்த அப்பெண், அன்று கொலை விலக்கிய நாளாதலின் ஊன் எங்கும் கிடைக்காமல், தன் தொடைத் தசையை அரிந்து சமைத்து அனுப்புகிறாள். பிக்கு உண்டுவிடுகிறார். புத்தர் கடிந்தது அவளையன்று; ஆராயாமல் உண்ட பிக்குவையே. இலையில் இருப்பது என்ன என்று கேட்பது விருந்தினரின் கடமை என்பதை இத்துணை வன்மையாகக் கூறும் கதை வேறொன்றைக் காண்பது அரிது. விருந்துக்கு வந்தவரின் பொருட்டுத் தம் மகவையே கறியாக்கிய சிறுத்தொண்டரின் வரலாற்றைப் பெரியபுராணத்தில் பயின்றோர்க்கு இக்கதையின் நிழல் புதிதாகத் தோன்றாது. அங்கு வினவி விலக்குவதற்கு மாறாக, வந்தவரே அவ்வுணவைக் கேட்டுப் பெறுகிறார் என்பதே வேறுபாடு. கண்ணப்பரின் ஊனைக் காளத்தியப்பர் ஏற்றுக்கொண்டார் என்பதையும், ஊனில்லா உணவுக்குத் தமிழில் இன்று 'சைவம்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது என்பதையும் ஒருங்கே எண்ணுவோர்க்குச் சொற்களின் போக்கு வியப்பளிக்கும்.

புத்தர் தாமே ஏற்ற இறுதி விருந்து கொல்லனாகிய சுந்தன் இட்டது. அதில் இருந்த சூகரமத்தவம் பன்றியின் மெல்லிறைச்சியோ, பன்றி விரும்பும் காளான் முதலிய ஒன்றோ என்னும் வாதம் நெடுங்காலத்தது, இன்னும் முடியவில்லை. உணவு எதுவாயினும், அதன்பின் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு வேண்டுவது. அவ்வுணவைத் தமக்கு மட்டும் இடுமாறும் எஞ்சியதைப் புதைக்குமாறும் புத்தர் கூறுகிறார். நோய் முற்றிய நிலையில் ஆனந்தரை அழைத்து, தான் இட்ட உணவால் ததாகதர் இறந்தார் எனச் சுந்தன் வருந்தக்கூடும், அவ்வருத்தத்தைப் போக்குக. போதியின் முன் உண்ட உணவும் இவ்வுணவும் பயனால் ஒத்தவை எனக் கூறுக என்கிறார். விருந்தளித்தவர் முகம் வாடாமல் காக்கும் கடமை விருந்தினர்க்கு உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மூவகைத் தூய்மை விதியைச் சமணர் ஏற்கவில்லை. 10ஆம் நூற்றாண்டளவினதாகக் கருதப்படும் நீலகேசி, பௌத்தரோடு நிகழ்த்தும் வாதங்களில் ஊனுண்டலைக் கடுமையாகத் தாக்குகிறது. கொன்றவன் ஒருவன், விற்றவன் ஒருவன், நான் உண்டவன் மட்டுமே என்னும் விடை அங்குச் செல்லுபடியாவதில்லை. கொள்வோர் உளராதலாலேயே கொல்வோர் உளர். உண்போர் இன்றேல் விலைக்கு ஊன் தருவோரும் இல்லை என்னும் 256ஆம் குறளின் கருத்தும் இதுவே. கொன்றவர்க்கே பாவம் என வாதிட்டோரை நோக்கியே அக்குறள் எழுந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். அறநெறி வாதம் என்ற அளவில் நீலகேசியின் பக்கமே வலிமையுடையது. விருந்துப் பந்தியில் அவ்வாதத்தை எடுத்துரைத்தால் என்ன நேரும் என்பது வேறு வினா. வாதுக்கு அழைத்து வெல்லும் நீலகேசி எவர் வீட்டிலும் உண்ண அமர்பவள் அல்லள்.

எனினும் அதே நூலின் தொடக்கத்தில் மென்மையான வழியொன்றும் காட்டப்பட்டுள்ளது. காளிக்கு ஆட்டைப் பலியிட வந்தோரிடம் முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர், மண்ணால் செய்த உருவங்களைப் படைக்குமாறு கூறுகிறார். நேர்ச்சையைக் கைவிடுமாறு அவர் கூறவில்லை. அதை நிறைவேற்ற உயிரில்லாத வழியொன்றைக் காட்டுகிறார். நாகர் தலைவனுக்குச் சாதுவன் கூறியதும் இவ்வகையினதே.

அரசவையும் அந்நிய நகரும்

1583இல் அக்பரின் அழைப்பை ஏற்றுக் குசராத்திலிருந்து நடந்தே பதேபூர் சிக்ரி சென்ற சமண ஆசாரியர் ஈரவிசய சூரி, அரச விருந்தினராக இருந்தும் அரசர் அளித்த பரிசில்களை ஏற்க மறுத்தவர். அவர் மறுப்போடு நின்றுவிடவில்லை; பரியூசண நாள்களில் உயிர்க்கொலை நிறுத்தப்பட வேண்டும் என்பதைப் பரிசிலுக்கு ஈடாக வேண்டினார். அக்பரும் அதற்கான ஆணைகளைப் பிறப்பித்தார். வேண்டேன் என்ற சொல்லுக்கு அடுத்து வேண்டுவது இன்னது எனக் கூறத் தெரிந்தமையே சாதுவனுக்கும் இவருக்கும் உள்ள ஒற்றுமை.

காந்தியடிகள் 1888இல் இலண்டனுக்குப் புறப்படுமுன் தம் அன்னையின் மனம் அமைதியுற, பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியின் முன்னிலையில் செய்த சூளுறவு யாவரும் அறிந்தது. மது, மாது, ஊன் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்பதே அது. கடல் கடந்து சென்ற வணிகக் குலத்தவர் ஒருவர் மறுக்க உறுதிபூண்ட இம்மூன்றும், நாகர் நாட்டில் சாதுவனின் முன் வைக்கப்பட்ட மூன்றும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூறுதற்கில்லை. அயல்நாடு செல்வோன் இழக்கக்கூடியவை இவை என்னும் அச்சம் வணிகச் சமூகங்களில் நெடுங்காலம் நிலவியது என்பதற்கு இரண்டும் சான்றாகலாம்.

இலண்டனில் நண்பர் ஒருவர் அவரை நாடகத்திற்கு அழைத்துச் செல்லுமுன் ஆல்பர்ன் உணவகத்தில் விருந்தளித்ததைத் தன்வரலாற்றில் அவர் விரிவாக எழுதியுள்ளார். முதலில் சூப்பு வந்தது. அது எதனால் ஆனது என்பதை நண்பரிடம் கேட்க அஞ்சி, பரிமாறுபவரை அழைத்தார். அதைக் கண்ட நண்பர் வெகுண்டு, நாகரிகமான கூட்டத்திற்கு நீர் ஏற்றவர் அல்லர். வேறு உணவகத்தில் உண்டுவிட்டு வெளியே காத்திரும் என்றார். காந்தியடிகள் மகிழ்ச்சியோடு வெளியேறினார். அருகில் இருந்த மரக்கறி உணவகம் மூடப்பட்டிருந்தது, அன்றிரவு பட்டினி. பின்னர் அதே நண்பரோடு நாடகம் பார்க்கச் சென்றார். இருவரும் அந்நிகழ்வைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை, நட்பும் குன்றவில்லை. கேளாமல் உண்டதற்காகப் பிக்குவைக் கடிந்தது விநயம். கேட்டதற்காக விருந்தினரை வெளியேற்றியது இலண்டன் நாகரிகம். நண்பரின் கடுமைக்குப் பின்னால் இருந்த அன்பைக் காந்தியடிகள் அறிந்திருந்தார். அவருக்கு ஈடுசெய்யும் எண்ணத்தோடு உடை, நடனம், வயலின் எனச் சிலகாலம் ஆங்கிலக் கனவானாக முயன்றதையும் அவரே நகைச்சுவையோடு பதிவுசெய்துள்ளார்.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது இதனினும் நுண்மையானது. அங்குத் தவறு தம்முடையது என்பதையும் காந்தியடிகள் மறைக்கவில்லை. ஐரோப்பியக் குடும்பம் ஒன்றில் ஞாயிறுதோறும் அவர் விருந்தினர். அவ்வீட்டில் ஐந்து வயதளவுள்ள சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தட்டில் ஊன்துண்டு. இவர் தட்டில் ஆப்பிள். குழந்தைகளோடு இருக்கும் மகிழ்ச்சியில் இவர் ஊனை இகழ்ந்து ஆப்பிளைப் புகழ, சிறுவனும் சேர்ந்து புகழ்ந்தான். தாயின் முகம் வாடியது. அடுத்த ஞாயிறு அவ்வம்மையார், ஊனுண்ணாவிடில் தம் மகன் நோயுறுவான், உம் பேச்சு பெரியவர்களுக்கு ஆகும், குழந்தைகளுக்குத் தீமை செய்யும் என்றார். காந்தியடிகள் வாதிடவில்லை. தாம் சொல்வதைவிடத் தாம் உண்பதும் உண்ணாததுமே சிறுவனைப் பாதிக்கும் என உணர்ந்து, வருகையை நிறுத்திக்கொள்வதே நன்று, நட்பு அதனால் குறையாது என்றார். அம்மையாரும் நிம்மதியோடு ஏற்றார்.

இந்நிகழ்ச்சியில் காந்தியடிகளின் தட்டு மறுக்கப்பட்ட தட்டன்று. அவருக்கு வேண்டிய பழத்தை அவ்வீட்டார் அளித்திருந்தனர். விருந்தளித்தவர் தம் கடமையைக் குறைவின்றிச் செய்துவிட்ட பின்னர், விருந்தினரே அடுத்தவர் தட்டைப் பற்றிப் பேசியதால் விளைந்தது இவ்வருத்தம். நாகர் தலைவன் கேட்ட பின்னரே சாதுவன் அறம் உரைத்தான் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. சிறுவன் எவ்வினாவும் எழுப்பவில்லை.

மரக்கறி உணவினர் என்னும் பிரிவுக்குள்ளும் இச்சிக்கல் பின்னர் நுழைந்தது. பாலையும் பால்படு பொருள்களையும் விலக்குவோர்க்கு 'வீகன்' என்னும் ஆங்கிலச் சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் தோழர்களும் சங்கம் அமைத்தபோது பிறந்தது. தமிழில் இன்று 'நனிசைவர்' என வழங்குகின்றனர். அச்சொல் பிறப்பதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே, 1912இல் காந்தியடிகளும் எர்மன் காலன்பாக்கும் தால்சுதாய் பண்ணையில் பாலை விலக்கினர். பின்னர் கடும் நோயுற்ற வேளையில், சூளுறவின்போது பசுவும் எருமையுமே மனத்தில் இருந்தன என்னும் நியாயத்தால், கத்தூரிபாவின் வற்புறுத்தலுக்கு இணங்கி ஆட்டுப்பாலை ஏற்றார். சூளுறவின் சொல்லைக் காத்து உயிரை இழந்தேன் என அவர் வருந்தியது வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. ஊனில்லாத பந்தியிலும் தயிரும் நெய்யும் மோரும் தவிராத நாட்டில், நனிசைவ விருந்தினரின் மறுப்பு எயினர் குடியோடு நில்லாமல் அந்தணர் இல்லத்து மோர் வரை செல்கிறது. மறுக்கப்படும் பொருள் விருந்தளிப்பவருக்குத் தூய்மையின் அடையாளமாக இருக்கும்போது, மறுப்பை விளக்குதல் ஊனை மறுப்பதினும் கடினம்.

அதே தால்சுதாய் பண்ணை, காந்தியடிகள் விருந்தளிப்பவர் இடத்தில் நின்ற களமும் ஆகும். 1910இல் யோகன்னசுபர்க்கு அருகே காலன்பாக்கு அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் குடியேறின. அவர்களுள் தமிழர் மிகுதி. இந்துக்களோடு கிறித்தவரும் முகமதியரும் பார்சியரும் இருந்தனர். ஊனுண்டு பழகியவர்கள் பலர். துன்பக் காலத்தில் தம்மை நம்பி வந்தவர்களிடம், பிறந்தது முதல் உண்டுவந்த உணவைக் கைவிடுமாறு கூறும் உரிமை தமக்கு உண்டா என அவர் தயங்கினார். அவர்கள் மாட்டிறைச்சியே கேட்பினும் அளிப்பதே கடமை என முடிவுசெய்துகொண்டார். பின்னர் அங்கிருந்த பெண்களிடம் பொதுச் சமையலின் செலவையும் இடர்ப்பாட்டையும் தம் மனநிலையையும் ஒளிக்காமல் எடுத்துரைத்தார். மரக்கறிச் சமையலுக்கு அன்போடு இசைவளித்தவர்கள் அப்பெண்களே.